அண்ணியின் பாதி

வாயாடியின் வயிற்றில் எதுவும் தங்காது என்பது குடும்பம் முழுவதும் அறிந்த விஷயம். அண்ணன் ஒரு பெண்ணை விரும்பிய காலத்தில், "இப்போதைக்கு யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு அவளிடம் மட்டும்தான் சொன்னான். சாயங்காலத்துக்குள் அப்பாவுக்குத் தெரிந்தது. மறுநாள் பெண் வீட்டுக்கும் தெரிந்தது. கல்யாணம் நடந்ததே இவள் வாயால்தான் என்று அண்ணன் இன்றைக்கும் கேலி செய்வான். அவளுக்கு வேலை முடிவெட்டும் பார்லரில். ஒரு தலையைக் கழுவி, வெட்டி, உலர்த்தி முடிப்பதற்குள் நாற்காலியில் இருப்பவளின் மாமியார் கதை முழுவதும் இவளிடம் வந்துவிடும். அடுத்த தலை உட்காரும்போது அது நோகாமல் கைமாறும். அதற்காகவே வருகிறவர்களும் உண்டு.

அப்பேர்ப்பட்டவள் ரெண்டு மாதமாக ஒரு விஷயத்தை ஒருத்தரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு திரிவது என்றால் என்னவென்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. தூக்கம் போயிற்று. பார்லரில் கத்தரிக்கோல் பேசிக்கொண்டிருந்ததே தவிர, அவள் பேசவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று வாடிக்கையாளர்களே விசாரிக்கிற நிலைமை.

விஷயம் அண்ணியைப் பற்றியது. அண்ணிக்கு வேலை ஆம்புலன்ஸில். ஓட்டுவது ஒருவர், நோயாளியைப் பார்த்துக்கொள்வது ஒருவர், தூக்குவது ரெண்டு பேரும். அந்த நிலையத்தில் வண்டியில் போகும் ஒரே பெண் அண்ணிதான். மற்ற பெண்கள் எல்லோரும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து போன் எடுப்பவர்கள். "பொம்பளையால தூக்க முடியுமா?" என்று கேட்டவர்கள் வாயை அடைக்க அண்ணி பட்ட பாடு கொஞ்சமல்ல. அதற்காகத்தான் அவள் விடிந்ததும் உடற்பயிற்சிக்கு ஒரு மாஸ்டரின் கிடங்குக்குப் போக ஆரம்பித்தாள். துணைக்கு நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அது ஒரு காலத்தில் காகிதக் கட்டுகள் வைத்திருந்த கிடங்கு. இரும்பு ஷட்டரைத் தூக்கினால் உள்ளே ரப்பர் விரிப்பு, தொங்குவதற்குக் கம்பிகள், இரும்புக் குண்டுகள், மணல் மூட்டைகள், சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊதலை விட்டுவிட்டு ஓய்வு பெற அவருக்கு மனசு வரவில்லை. சாதாரண ஜிம் மாதிரி ஆளுக்கொரு கண்ணாடி முன்னால் நின்று புஜத்தைப் பார்த்துக்கொள்வதெல்லாம் அவரிடம் நடக்காது. குனிவது, சுமப்பது, ஏறுவது, இழுப்பது என்று வாழ்க்கைக்கு வேண்டியதைத்தான் சொல்லிக்கொடுப்பார். அதுவும் ஜோடி ஜோடியாக. "ரெண்டு பேர், ஒரே கணக்கு" என்பது அவருடைய வேதம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிடங்கை இத்தனை சுற்று வர வேண்டும் என்று பலகையில் எழுதிப் போடுவார். அதை ரெண்டு பேரும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பது அவருக்கு வேண்டாத விஷயம். ஜோடி முடித்த நேரத்தை மட்டும் எழுதுவார்.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே மூட்டையை மாற்றி மாற்றிச் சுமப்பதைப் பார்த்து ஆரம்பத்தில் எல்லோருக்கும் சிரிப்பு. "இது எந்தக் குடும்பத்துலயும் நடக்காத அதிசயம்மா" என்பார் மாஸ்டர். அவர்கள் உண்மையிலேயே நன்றாகச் செய்தார்கள். அண்ணிதான் பலசாலி. வாயாடி மூச்சு வாங்கி நிற்கும்போதெல்லாம் அண்ணி தன் பங்குக்கு மேலே ரெண்டு சுற்று போட்டு ஈடுகட்டுவாள். அந்தக் கணக்கு ஒருநாள் தலைகீழாகும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஒரு நாள் பயிற்சி முடிந்து வாசல் படியில் உட்கார்ந்திருந்தபோது அண்ணி சொன்னாள். ஒரு நோயாளியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வரும்போது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பழக்கமான டாக்டர் ஒருவர் பிடித்து உட்காரவைத்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்திருக்கிறார்.

"இதயத்துல ஒரு வால்வு சரியா திறக்கலையாம். ஸ்கேன் எடுக்கணுமாம். அதுவரைக்கும் கனம் தூக்கவே கூடாதாம்."

"எப்போ எடுக்கறீங்க?"

"எடுக்கலாம். வேலையில வருஷாந்திரத் தேர்வு வருதில்ல, அது முடியட்டும். இப்போ தெரிஞ்சா என்னைக் கூட்டிக்கிட்டுப் போய் போன் முன்னாடி உக்கார வெச்சிடுவாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் வண்டி ஏற முடியாது." ஷூ கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே, "உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதே" என்றாள்.

அண்ணன் தும்மலுக்கே தெர்மாமீட்டர் தேடுகிற ஆள். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. பத்து மாடிக் கம்பியில் தொங்கப் பயப்படமாட்டான், வீட்டில் ஒருத்தருக்கு இருமல் என்றால் ஆடிப்போவான். அவனிடம் இதைச் சொன்னால் வீடு என்னாகும் என்று வாயாடிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவளை மௌனமாக்கியது அது மட்டுமல்ல. அவளிடம் இதுவரை எந்தப் பெரிய விஷயத்தையும் யாரும் நம்பி ஒப்படைத்ததில்லை. அம்மா உயிரோடு இருந்தவரை, "நுணலும் தன் வாயால் கெடும்" என்று தினம் ஒரு தடவையாவது அவளைப் பார்த்துச் சொல்லுவாள். அண்ணி நம்பியிருக்கிறாள். இந்த ஒரு தடவையாவது நம்பிக்கையைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று அவள் உள்ளுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை மறைப்பானேன்.

அண்ணி கிடங்குக்கு வருவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று அண்ணன் கேட்பான். ஆகவே வாயாடி கணக்கை மாற்றினாள். மூட்டைச் சுற்றில் மூன்றில் ரெண்டு பங்கு அவளே நடந்தாள். படகு வலிப்பதுபோல இழுக்கும் துடுப்பு இயந்திரத்தில் அண்ணி நாலு இழுப்பு இழுத்ததும், "எந்திரிங்க, என் முறை" என்று அவளே உட்கார்ந்துகொண்டாள். தோள் கன்றிப்போயிற்று. பார்லரில் கையைத் தூக்கி உலர்த்தியைப் பிடிக்கும்போது நடுங்கியது. ஆனால் விசித்திரம் என்னவென்றால், ரெண்டு பேர் வேலையைச் செய்து செய்து அவள் உடம்பு இரும்பாகிவிட்டது. பலகையில் அவர்கள் ஜோடியின் நேரம் கூடவே இல்லை, குறைந்துகொண்டேதான் வந்தது. "நாத்தனார் ஜோடியைப் பாத்துக் கத்துக்கோங்க" என்று மாஸ்டர் மற்றவர்களிடம் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பலகையில் மறைக்க முடிந்தது.

வேலையில் நடந்த தேர்வும் முடிந்தது. அதுவும் ஜோடித் தேர்வுதான். அண்ணி தன் வண்டி டிரைவருடன் பொம்மை நோயாளியைச் சுமந்து தேறிவிட்டாள். "இப்போ ஸ்கேன்?" என்று வாயாடி கேட்டதற்கு, "அடுத்த வாரம்" என்றாள். அடுத்த வாரம் வந்து, அதற்கடுத்த வாரமும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயாடி அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் நாற்காலியைத் தங்கையின் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"இவ கொஞ்ச நாளா படுத்துத் தூங்கறதே இல்ல. ரெண்டு தலகாணிய முதுகுக்கு வெச்சுக்கிட்டு உக்காந்த வாக்குல தூங்கறா. கேட்டா முதுகு வலிங்கறா. நீதான் தினம் கூட இருக்கே. எப்படி இருக்கா?"

பாத்திரச் சத்தம் நின்றது. வாயாடி நிமிர்ந்தபோது அண்ணி சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயாடி சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். அந்தப் பார்வையைக் கண்டு மாற்றிக்கொண்டாள்.

"அவங்களுக்கென்ன. போர்டுல நாங்கதான் ரெண்டாவது. வேணும்னா மாஸ்டரைக் கேளு."

அண்ணன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "அதானே. சீக்காளியால மூட்டை தூக்க முடியுமா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டீவியைப் போட்டான். அண்ணி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்ததாக வாயாடிக்குப் பட்டது. பிறகு குழாய்ச் சத்தம் மறுபடி கேட்டது.

விஷயம் வேறு பக்கத்திலிருந்து வந்து இடித்தது. ரெண்டு நாள் கழித்து, பயிற்சி முடிந்து அண்ணி முகம் கழுவப் போயிருந்த நேரம், அவளை வேலைக்கு அழைத்துப்போக வண்டி டிரைவர் வாசலில் வந்து நின்றார். வலது தோளில் பட்டை கட்டியிருந்தார்.

"என்ன அண்ணே, அடி?"

"மூணாவது மாடிலேருந்து ஒரு பெரியவரை இறக்கினோம்மா. படியில கீழ இருக்கற ஆளுக்குத்தான் பாரம். உங்க அண்ணிக்கு முதுகு வலி இருக்குல்ல, அதனால கொஞ்ச நாளாவே கீழ்ப்பக்கம் நான்தான் பிடிக்கறது. நேத்து என்னமோ மேலே இருந்து அவங்க கையே விட்டுப் போச்சு. மொத்த கனமும் என் மேல வந்துடுச்சு. நல்லவேளை பின்னாடி சுவர் இருந்துச்சு." அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மேலிடத்துல சொல்லல. பாவம், இதை வெச்சு அவங்கள உக்கார வெச்சிடுவாங்க. தேர்வுலயும் நான்தான் கொஞ்சம் தாங்கிக்கிட்டேன். நீங்களும் சொல்லிடாதீங்க" என்றார்.

தான் மட்டும்தான் அண்ணியின் பாதியைச் சுமப்பதாக வாயாடி நினைத்திருந்தாள். இங்கே இன்னொரு நல்ல மனுஷன் இன்னொரு பாதியைச் சுமந்துகொண்டிருக்கிறார். ரெண்டு நல்லவர்கள் சேர்ந்து ஒருத்தியைச் சாகடிக்கப் பார்க்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. அந்தப் பெரியவரை நினைத்தாள். பெல்ட்டால் கட்டப்பட்டு, அசைய முடியாமல், கூரையைப் பார்த்துக்கொண்டு படியில் சரிந்தவர். அவர் யாருக்கு என்ன பாவம் செய்தார்?

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். ஆனால் ரெண்டு மாதப் பெருமையை ஒரே நாளில் விடவும் மனசு வரவில்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தாள். வாயைத் திறக்க வேண்டாம். தன் பாதியை மட்டும் செய்வோம். மிச்சத்தை அண்ணியால் முடிக்க முடியாது, மூட்டையைப் போட்டுவிடுவாள். மாஸ்டர் கண்ணில் படும், அவர் கேட்பார், உண்மை தானாக வெளியே வரும். சொன்னவள் என்ற பேரும் தனக்கு வராது. புத்திசாலித்தனமான யோசனை என்றே அவளுக்குத் தோன்றியது. கோழைத்தனத்துக்கு அந்தச் சாமர்த்தியம் எப்போதும் உண்டு.

மறுநாள் பலகையில் மணல் மூட்டைச் சுற்று. நிபந்தனை ஒன்று எழுதியிருந்தது: மூட்டை தரையைத் தொடக் கூடாது, தோளிலிருந்து தோளுக்குத்தான் மாற்ற வேண்டும். ஊதல் சத்தம் கேட்டதும் வாயாடி மூட்டையைத் தூக்கினாள். வழக்கம்போல அண்ணி அவளருகிலேயே நடந்து வந்தாள். மூட்டை மாறவில்லை. சரியாகப் பாதிச் சுற்றுகள் முடிந்ததும் வாயாடி நின்றாள்.

"இனிமே உங்களுது, அண்ணி."

"எத்தனை?"

"மிச்சம் எல்லாம்."

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது என்று வாயாடிக்குத் தெரிந்தது. அண்ணி கிட்டே வந்து தோளைக் கொடுத்தாள். மூட்டை மாறும்போது ரெண்டு கன்னமும் உரசின. அண்ணியின் கன்னம் மூட்டையைச் சுமக்க ஆரம்பிப்பதற்கு முன்பே சில்லிட்டு வேர்த்திருந்தது.

முதல் சுற்று ஒழுங்காகவே போயிற்று. ரெண்டாவதில் நடை குறுகியது. மூன்றாவதில் அண்ணி சுவரோரமாக, ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தாள். போட்டுவிடுங்கள், போட்டுவிடுங்கள் என்று வாயாடி மனசுக்குள் கெஞ்சினாள். அண்ணி போடவில்லை. மாஸ்டர் மறுமூலையில் யாருடைய முழங்காலையோ திருத்திக்கொண்டிருந்தார். சுற்றி எல்லோரும் அவரவர் மூட்டையில். "விடாதீங்க அக்கா, சூப்பர்" என்று யாரோ உற்சாகப்படுத்தினார்கள். அடுத்த திருப்பத்தில் விளக்குக்குக் கீழே அண்ணியின் முகம் வந்தது. உதடு சாம்பல் நிறமாக இருந்தது. பார்வை முன்னால் இருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

இவள் போடமாட்டாள் என்று வாயாடிக்கு அப்போதுதான் புரிந்தது. கையே விட்டுப்போனால் ஒழிய இவளாகக் கீழே வைக்கமாட்டாள். உண்மை தானாக வெளியே வராது. வந்தால் உயிரோடு சேர்ந்துதான் வரும்.

அவள் ஓடிப்போய்க் குறுக்கே நின்று மூட்டையைப் பிடித்தாள்.

"மாஸ்டர், இங்க வாங்க. இவங்களுக்கு இதயத்துல வால்வு கோளாறு. டாக்டர் தூக்கவே கூடாதுன்னிருக்காரு. ரெண்டு மாசமா இவங்க பாதிய நான்தான் சுமக்கறேன். போர்டுல இருக்கறது எல்லாம் பொய்."

கிடங்கு முழுவதும் கேட்கிற குரல் அது. மற்ற மூட்டைகள் நின்றன. துடுப்பு இயந்திரம் ஒன்று மட்டும் தன்பாட்டுக்குச் சுழன்று ஓய்ந்தது. மாஸ்டர் வந்த வேகத்தில் ஊதல் அவர் கழுத்தைச் சுற்றி முதுகுப் பக்கம் போயிருந்தது. மூட்டையை இறக்கினார்கள். அண்ணியைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தார்கள். மாஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, முகம் கறுத்து, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொன்னார். இப்படி ஒரு பொய்யைத் தன் கையாலேயே தினம் பலகையில் எழுதியிருக்கிறோமே என்று பலகையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு ஷட்டரை முழுசாகத் தூக்க ஓடினார்.

வாயாடி அண்ணியின் எதிரே மண்டியிட்டாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். ஜென்மத்துக்கும் பேசமாட்டாள் என்றும் நினைத்தாள். அண்ணி கண்ணை மூடியிருந்தாள். மூச்சு துண்டு துண்டாக வந்தது.

"மன்னிச்சிடுங்க அண்ணி. என்னை நம்பிச் சொன்னீங்க."

அண்ணி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"நம்பி இல்லடி." மூச்சை இழுத்துக்கொண்டாள். "என்னால உங்க அண்ணன்கிட்ட சொல்ல முடியல. வண்டிய விடவும் முடியல. பயமா இருந்துச்சு. உன் வாய் வழியா அவர்கிட்ட போகட்டும்னுதான்... நீ ரெண்டு நாள்ல போட்டு உடைச்சிடுவேன்னு நெனச்சேன்."

வாயாடிக்குக் கேட்டது. ஆனால் உள்ளே போக நேரம் பிடித்தது.

"தினம் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போவேன். கதவைத் திறக்கறப்போ அவர் முகத்தப் பாப்பேன். இன்னைக்குத் தெரிஞ்சிருக்கும்னு. சாதாரணமா சிரிப்பார். சரி, நாளைக்குன்னு நெனச்சுக்குவேன்." அண்ணி கண்ணைத் திறந்தாள். "அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, அவரே உன்னைக் கேட்டார். நான் வாசல்லயே நின்னேன். நீ போர்டக் காட்டினே."

வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் இன்னும் கேட்கவில்லை. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள், யாரோ கொடுக்கக் கூடாது என்றார்கள். வாயாடி போனை எடுத்து அண்ணன் நம்பரை அழுத்தினாள். "என்ன, காலையிலேயே கதை கிடைச்சிடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்தான். அவள் சொன்னாள். வால்வு, டாக்டர் சொன்னது, படியில் கை நழுவியது, இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறோம், எல்லாம் சொன்னாள். இன்னொரு கையால் அண்ணியின் சில்லிட்ட விரல்களைப் பிடித்திருந்தாள். அவள் முடித்த பிறகு அண்ணன் கேட்டான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ரெண்டு மாசமா."

"என்கிட்ட சொல்லாம இருந்தியா? நீயா?"

போனை வைக்காமலே, மறுமுனையில் அவன் வண்டிச் சாவியைத் தேடி மேஜையைத் தட்டுகிற சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.